முதுகு வலியும் கோல்ஃப் மட்டையும்

வலியைக் காகிதத்தில் கேட்பதா, மின்னணுக் கருவியில் கேட்பதா? ஆய்வாளர்களின் நெடுநாள் வழக்கு இது.

2002இல் வெளியான ஓர் ஆய்வில், நாட்பட்ட வலிக்காரர்களுக்குக் கொடுத்த காகிதக் குறிப்பேட்டில், அதை எப்போது திறக்கிறார்கள் என்று பார்க்க ஒளியுணரியை ஒளித்து வைத்தார்கள். வேளை தவறாமல் எழுதியதாக நோயாளிகள் காட்டியது 90 சதவீதம். ஒளியுணரி சொன்னது 11. ஏடு திறக்கப்படாத நாட்களிலும் வலி மட்டும் ஒழுங்காக வந்து போயிருந்தது! மின்னணுக் கருவி பெற்றவர்கள் வேளை தவறாமல் எழுதியது 94 சதவீதம்.

ஆனால் பதில்கள்? 2008இல், காகிதத்தையும் கருவியையும் ஒப்பிட்ட 46 ஆய்வுகளைக் கூட்டிப் பார்த்தார்கள். இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றேதான்.

காகிதத்தையும் கருவியையும் பார்த்தாயிற்று; கேள்வியை யார் பார்த்தார்கள்? உலகம் சுற்றும் எஸ்எஃப்-36 என்ற உடல்நல வினாப் படிவத்தின் அமெரிக்க மூலம், மேசையை நகர்த்த, கோல்ஃப் ஆட முடிகிறதா என்று விசாரிக்கிறது. இலங்கையின் வட்டகொடை மலையில் தேயிலைக் கொழுந்து பறிக்கும் அக்காவிடம் டேப்லெட்டை நீட்டிப் பாருங்கள். நுவரெலியாவில் கோல்ஃப் மைதானம் 1889 முதல் இருக்கிறது. அவர் பார்த்தது பஸ் ஜன்னல் வழியாக. கொழுந்துக் கறை ஏறி வெடித்த விரலைத் திரையில் வைக்குமுன் அவர் கேட்கக்கூடியது ஒன்றுதான், தன் நாட்கூலிக் கணக்கான ‘பேரு’ பற்றி:

"இதுக்குப் பேரு போடுவாங்களா, தம்பி? இல்ல, அரைப் பேருதானா?"