வராத ஆறாம் தொகுதி

லண்டனில் கடைசல் இயந்திரம் செய்து விற்ற சார்லஸ் ஹோல்ட்சாப்ஃபெல், 1843இல் ஒரு நூலை வெளியிடத் தொடங்கினார். கடைசல் கலை பற்றி ஆறு தொகுதிகள் என்பது திட்டம். முதல் தொகுதி முழுக்க மரம், தந்தம், உலோகம் என்று மூலப்பொருள் புராணம். இயந்திரத்தில் கைவைத்துக் கடைய, வாசகர் நான்காம் தொகுதிவரை பொறுத்திருக்க வேண்டும். காலன் அவ்வளவு பொறுக்கவில்லை. 1847இல் ஆசிரியர் காலமானார். பின்னர் மகன் எழுதிய ஐந்தாம் தொகுதி 1884இல் வந்தது. ஆறாவது வரவே இல்லை.

நூலின் பதிப்புரிமை காலாவதியாகி வெகுகாலம் ஆகிவிட்டது. ஆகவே கடைசல் பிரியர்கள் இதன் ஸ்கேன் கோப்புகளைக் கல்யாண வீட்டுத் தாம்பூலப் பைபோல, கேட்டவருக்கும் கேளாதவருக்கும் வழங்குகிறார்கள்.

கூகுள் ஸ்கேன் செய்த பழைய நூல்களின் லட்சணம் தனி. மடித்து வைத்த பெரிய படங்கள் பல நேரம் விரிக்கப்படாமலே பதிவாகியிருக்கும். சில பக்கங்களில் துல்லியமாகத் தெரிவது ஸ்கேன் செய்தவரின் விரல் மட்டுமே. வணிகத்துக்குப் பயன்படுத்த வேண்டாம் என்று முகப்பில் ஒரு வேண்டுகோள் இருக்கும். அந்தப் பக்கத்தையும் சேர்த்தே வட்டில் ஏற்றி விற்கும் புண்ணியவான்களும் உண்டு.

நூல் இலவசம். ஹோல்ட்சாப்ஃபெல் இயந்திரமோ அன்று பிரபுக்கள் வாங்கியது. இன்று ஏலத்தில் பார்த்துப் பெருமூச்சு விடலாம். அதனால் என்ன? ஒரு சதுரங்கச் சிப்பாயைக்கூடக் கடைந்திராதவர், ஐந்து தொகுதிகளையும் மூன்று வேறு ஸ்கேன்களில் சேர்த்துவிட்டு அடுத்துக் கேட்பார்: “நாலாவதுல இன்னும் தெளிவான காப்பி யார்கிட்டயாவது இருக்கா?”