சாவியை யாருகிட்ட கொடுக்கப் போறீங்க?

கேளுங்கடா பேரப்பிள்ளைகளா. அப்பன் செத்துக் கருமாதி முடியுறதுக்குள்ள அலுவிகாரைச் சந்தியில பெனர் ஏறிடுது. அப்பன் கறுப்புக் கண்ணாடி போட்டு மோட்டார் சைக்கிள்ல சாஞ்சு நிக்கிறாரு. பின்னால பனிமலை, மேல ரெண்டு வெள்ளைப் புறா. நுவரெலியாவுக்குப் போகவே இரவல் ஸ்வெட்டர் தேடின மனுசன். அவரைக் கொண்டுபோய் இமயமலையில நிப்பாட்டிட்டீங்க. கீழ மகன், மருமகன், மச்சான், மச்சானோட கூட்டாளின்னு வரிசையா பெயரு. செத்தவரு பெயரைத் தேடிப் பிடிக்கிறதுக்கு எனக்கு மூக்குக்கண்ணாடி போதல. ஏ-9 வீதியில யாழ்ப்பாணம் போற பஸ்காரன் அதை வாசிக்க வேகத்தைக் குறைக்கிறான். பின்னால வர்றவன் அவன் பரம்பரையையே இழுத்து ஏசுறான். அஞ்சலி நல்லாத்தான் நடக்குது.

பாசம்தான், நான் வேணாம்னு சொல்லல. ஆனா ஒரு கணக்குப் பாக்கணும். மனுசன் உயிரோட இருந்தப்போ ஞாயித்துக்கிழமை காலையில கிழிஞ்ச பனியனைத் தேங்காய் எண்ணெயில தோச்சு வண்டியைத் துடைப்பாரு. "பெத்த பிள்ளையைக் குளிப்பாட்டத் தெரியல, பைக்கைக் குளிப்பாட்டுறாரு"ன்னு வீட்டுக்காரம்மா குசினியில இருந்து சத்தம் போடும். பெரியவன், பள்ளிக்கூட வாசலுக்கு முந்தின வளைவுலயே இறங்கிக்குவான். பழைய மொடல் வண்டியில வந்து இறங்கினா கூட்டாளிங்க சிரிப்பானுங்களாம். இன்னைக்கு அதே வண்டிக்கு மாலை, குங்குமம், ஊதுபத்தி. இந்த ஊர்ல நல்ல பெயர் வாங்கச் சுருக்கு வழி ஒண்ணுதான்: செத்துப் போயிடணும்.

இழவு வீட்டுக்கு வந்த சொந்தக்காரன் கண்ணு எங்க இருந்துச்சுன்னு கவனிச்சீங்களா? பொட்டியில பாதி, போர்டிகோவுல நின்ன பைக்குல பாதி. இருக்காதா பின்ன? 2020 மார்ச்சில வாகன இறக்குமதியை நிப்பாட்டினாங்க. திரும்பத் திறக்க 2025 ஆச்சு. அந்த இடைவெளியில பழைய வண்டியெல்லாம் வாங்கின விலையைத் தாண்டி ஓடிச்சு. அதனாலதான் ஒரு சித்தப்பன், "அண்ணன் ஞாபகமா நானே வச்சுக்கிறேன்"னு மூக்கைச் சிந்தினான். ஞாபகத்துக்குத்தான்னா அண்ணனோட பழைய சாரம் ஒண்ணு கொடியில தொங்குச்சே, அதைக் கேட்டிருக்கலாம்.

அந்த மனுசன் வண்டியை வச்சு என்ன செஞ்சாரு? விடியக்காலம் மிளகு மூட்டையை ஏத்திக்கிட்டு மாத்தளை டவுனுக்கு. திரும்பி வந்து முன்னால ஒண்ணு, பின்னால ஒண்ணு பிள்ளைகளை வச்சுப் பள்ளிக்கூடத்துக்கு. பிறகு சம்பள வேலைக்கு. பின்னேரம் கேஸ் சிலிண்டர், கோழித்தீன், கிளினிக்குக்குப் போற மாமியார். 2022ல பெற்றோல் இல்லாம நாடே படுத்துக் கிடந்தப்போ கியூவுல ராத்திரி முழுக்க வண்டியில சாஞ்சு தூங்கினாரு. பெற்றோல் பங்கீட்டுக்குக் கியூஆர் வந்த புதுசுல மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீட்டர். அந்த நாலைக் குடும்பத்துக்குப் பங்கு போட்டு ஓட்டினவரு அவரு. நாட்டுல பதிவான வாகனத்துல பாதிக்கு மேல மோட்டார் சைக்கிள்தான். அதுல முக்கால்வாசி இப்படி ஒரு அப்பனோட முதுகெலும்பாத்தான் இருக்கும், நான் எண்ணிப் பாக்கல, முழங்கால் வலியில சொல்றேன்.

இப்போ மோட்டார் சைக்கிள் செஞ்ச ஜப்பான்காரர் ஒருத்தர் கதை. சொய்ச்சிரோ ஹொண்டா. 1906ல பிறந்தவரு, கொல்லர் மகன். அந்தக் கொல்லர் சைக்கிளும் திருத்திப் பிழைச்சவருதான். சண்டை முடிஞ்சு 1946ல ஊரே பட்டினி. இவரு ராணுவம் கழிச்சுப் போட்ட சின்ன எஞ்சினை எடுத்தாரு. ரேடியோவுக்கு மின்சாரம் குடுத்த எஞ்சின். அதைச் சைக்கிள்ல பூட்டினாரு. பெற்றோல் டாங்கிக்கு என்ன தெரியுமா? வீட்டுல ஒத்தடம் கொடுக்கிற வெந்நீர்க் குடுவை! சரி, முதல்ல அதை ஓட்டிப் பாத்தது யாரு? மச்சானா, மச்சானோட கூட்டாளியா? இல்லடா. அவரு பொண்டாட்டி சச்சி அம்மா. சாமான் தேடி ஊர் ஊரா அந்தம்மா சைக்கிள் மிதிக்கிற பாட்டைப் பாத்துத்தான் எஞ்சினையே பூட்டினேன்னு மனுசன் பிறகு சொன்னாரு. ஓட்டிட்டு வந்த அந்தம்மா, எண்ணெய் தெறிச்சு உடுப்பெல்லாம் நாசம்னு குறை சொல்லிச்சு. விக்கிறதுக்கு முந்தி அந்தக் குறையைத் திருத்தினாரு. உலகத்துல பெரிய மோட்டார் சைக்கிள் கம்பனிக்கு முதல் சோதனைக்காரி ஒரு வீட்டுக்காரி. நம்ம வீட்டுக்காரி? இருபது வருசமாப் பின்சீட்டுல, சேலை முந்தானை சில்லுல சிக்காமப் பிடிச்சுக்கிட்டே வந்தா. அவ கையில கடைசி வரைக்கும் கொடுத்தது கத்திரிக்காய்ப் பை.

1958ல அதே ஹொண்டா சுப்பர் கப் வண்டியை விட்டாரு. கிளச் பிடியே கிடையாது. ஒரு கையில சாப்பாட்டுத் தட்டைப் பிடிச்சுக்கிட்டு மத்தக் கையால ஓட்டணும்னு கடைப் பையனை நினைச்சுச் செஞ்சது. பொம்பளைங்க சிரமமில்லாம ஏறட்டும்னு நடுவுல பள்ளம் விட்டாரு. 2017ல அந்த வகை வண்டியோட உற்பத்தி 10 கோடியைத் தாண்டிச்சு. நம்ம ஊர்ல சுத்துற எம்.டி. 90 அதோட தம்பி. ஜப்பான்ல தபால் சுமந்து ஓய்வெடுக்க வேண்டிய வயசுல இங்க மிளகு சுமக்க வந்துச்சு. அதாவது, உங்க அம்மா சேலையோட ஓட்டுறதுக்கு ஏத்த வண்டி அறுபது வருசத்துக்கு முந்தியே தயார். தயாராகாதது நம்ம ஆம்பளைங்கதான்.

அந்த ஹொண்டா 1991 ஆகஸ்டுல செத்தாரு. பெரிய சாவுச் சடங்கு வேணாம், வாகனம் செஞ்சு பிழைச்சவன் வீதியை மறிச்சு நெரிசல் உண்டாக்கக் கூடாதுன்னு சொல்லி வச்சவரு. நாம சந்தியில கட்டின பெனரை நினைச்சுப் பாருங்க. கம்பனியையும் பிள்ளைகளுக்கு எழுதி வைக்கல. பெரியவனே, நீ அப்பன் வண்டிக்கு சைலன்சரைக் கழட்டி ராத்திரி பத்து மணிக்கு உறுமிக்கிட்டுப் போறியே, அது அஞ்சலியாம். அக்கம்பக்கத்துக்காரன் உன் அப்பனை நினைக்கிறான்தான், என்ன வார்த்தையால நினைக்கிறான்னு மட்டும் கேட்டுடாத. அப்பன் தலைக்கவசம் போடாம வாசலைத் தாண்டினது கிடையாது. முதல்ல அதுல அவருக்கு வாரிசாகு.

இன்னொண்ணு. நாம குடியிருக்கிறது எந்த ஊர்ல? அலுவிகாரையில. வலகம்பா ராசா காலத்துல, கிறிஸ்துவுக்கு முந்தின முதலாம் நூற்றாண்டுல, பஞ்சமும் சண்டையும் வந்துச்சு. பிக்குமார் மனப்பாடமா வச்சிருந்த புத்தரோட போதனை, மனுசரோட சேர்ந்தே செத்துப் போயிடும்னு பயந்து, இந்த மலைக் குகையில உக்காந்து ஏட்டுல எழுதினாங்க. 1848 கலகத்துல வெள்ளைக்காரன் இங்க இருந்த ஏடுகளை அழிச்சான். உலகம் பாக்க வர்ற இடம். அதுக்கு அடிவாரத்துல பிறந்த உங்க அப்பன், லீசிங் எத்தனை தவணை பாக்கி, இன்சூரன்ஸ் கடுதாசி எங்க, நகை எந்த வங்கியில அடகு, சித்தப்பனுக்குக் கொடுத்த கைமாத்து எவ்வளவுங்கிறதையெல்லாம் மண்டையில வச்சுக்கிட்டே போயிட்டாரு. கைமாத்து விசயத்துல சித்தப்பனுக்கும் இப்ப ஞாபகமறதி. ஆகையால, உயிரோட இருக்கிற அப்பன்மாரே, இன்னைக்கு ராத்திரியே ஒரு கொப்பி எடுத்து எழுதுங்க. ஒரு பிரதி பொண்டாட்டிகிட்ட இருக்கட்டும்.

பிள்ளைகளா, பெனரைக் கழட்டுங்க. மழை வந்தா கோழிக்கூட்டுக்குக் கூரையாகும். வண்டியை கராஜுக்குக் கொண்டுபோங்க. எண்ணெயை மாத்தி, பிரேக்கைத் திருத்தி, புகைச் சோதனை செஞ்சு, இன்சூரன்ஸைப் புதுப்பிங்க. மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துல பெயரை மாத்துங்க. யாரு பெயருக்குன்னு சண்டை வேணாம், அம்மா பெயருக்கு. தங்கச்சியையும் அம்மாவையும் சாரதிப் பயிற்சிக்கு அனுப்புங்க. லைசன் கைக்கு வந்த அன்னைக்கு மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் வாசல்ல சில்லுக்கு எலுமிச்சம்பழம் வைங்க, செலவு என்னோடது. பெரியவனே, நீ பின்சீட்டுல ஏறு. கத்திரிக்காய்ப் பையை நீ பிடி.