வட்டி எட்டும் தூரம்

கே: ரிசர்வ் வங்கி வட்டியை ஏற்றினால் நாட்டின் உற்பத்தி ஏன் குறைய வேண்டும்?

ப: பள்ளிபாளையத்தில் ஒருவர் 20 லட்சம் கடன் வாங்கிக் கூடுதலாகத் தறி போட நினைக்கிறார் என்று வையுங்கள். வட்டி கட்டுவதற்கு முன் ஆண்டுக்கு 2 லட்சம் மிஞ்சும் என்பது அவர் கணக்கு. வட்டி 9 சதவீதம் என்றால் போடுவார். 11 என்றால் விட்டுவிடுவார். தறி செய்யும் பட்டறையில் ஓவர்டைம் நிற்கும். அங்கே வேலை பார்ப்பவர் மளிகைக் கடையில் வாங்குவதும் குறையும். முதலீட்டில் ஒரு ரூபாய் குறைந்தால் வருமானத்தில் அதைவிட அதிகம் குறைவது இப்படித்தான்.

கே: வட்டியைத் தீர்மானிப்பது ரிசர்வ் வங்கி மட்டும்தானா?

ப: மக்கள் கையில் வைத்துக்கொள்ள விரும்பும் பணத்துக்கும் பங்குண்டு. தொழில் சூடுபிடித்தால் புழங்க அதிகப் பணம் தேவை. பண அளவு கூடாவிட்டால் பத்திரங்களை விற்றுக் காசாக்குவார்கள்; பத்திர விலை இறங்கும், வட்டி ஏறும். முதலீடு கொஞ்சம் அடங்கும். இதையெல்லாம் 1937இல் ஒரே வரைபடத்தில் போட்டுக் காட்டினார் பொருளியலாளர் ஜான் ஹிக்ஸ்.

கே: வட்டியால் ஒரு நாடே ஸ்தம்பித்ததுண்டா?

ப: அமெரிக்கா. 1979இல் மத்திய வங்கித் தலைவரான பால் வோல்க்கர், விலைவாசியை அடக்க வட்டியை ஏறவிட்டார். 1981இல் வங்கிகளுக்கிடையிலான ஒருநாள் கடன் வட்டியே 19 சதவீதத்தைத் தாண்டியது. வீட்டுக் கடன் 18ஐத் தாண்டியது. வேலையிழந்த கட்டுமானத் துறையினர் மரச்சட்டங்களில் முறையீடு எழுதி அவருக்குத் தபாலில் அனுப்பினார்கள். கார் வியாபாரிகள் விற்காத வண்டிகளின் சாவிகளைச் சவப்பெட்டியில் போட்டு அனுப்பினார்கள். 1982 கடைசியில் வேலையின்மை 10.8 சதவீதம். விலைவாசி அடங்கியது, உண்மை. ஆனால் அதற்கு விலை கொடுத்தவர்கள் தினக்கூலிகள். வெற்றிக்கதையாக இதைச் சொல்கிறவர்கள் அந்த மரச்சட்டங்களையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கே: அப்படியானால் வட்டியைப் பூஜ்யமாக்கினால் உற்பத்தி பெருகுமே!

ப: ஜப்பான் 1999இலேயே செய்து பார்த்தது. 2016இல் பூஜ்யத்துக்கும் கீழே போனது. 2024 மார்ச்சில்தான் மேலே வந்தது. நிலவிலை சரிந்த அதிர்ச்சியில் கம்பெனிகள் பழைய கடனை அடைப்பதிலேயே குறியாக இருந்தன. சரக்கு விற்கும் என்ற நம்பிக்கை இல்லாதவருக்கு வட்டியில்லாக் கடனும் வேண்டாம். மூக்கணாங்கயிறு மாட்டை நிறுத்தும். வண்டியில் பாரம் ஏற்றாது. அந்த நேரத்தில் அரசுதான் செலவு செய்ய முன்வர வேண்டும் என்பது என் கட்சி.

கே: ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் தரும் ரெப்போ வட்டி குறைந்தது என்கிறார்கள். என் பட்டறைக் கடனுக்கு வட்டி குறையவில்லையே?

ப: 2019 அக்டோபர் முதல் குறு, சிறு தொழில்களுக்கு வங்கிகள் தரும் புதிய மாறும் வட்டிக் கடன்கள் ரெப்போ போன்ற வெளி அளவுகோலோடு இணைக்கப்பட வேண்டும்; மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது வட்டி திருத்தப்பட வேண்டும். உங்களுடையது அதற்கு முந்தைய கடனாக இருக்கலாம். மாற்றித் தரச் சொல்லி வங்கியில் எழுதிக் கொடுங்கள். கந்துவட்டிக்கு வாங்கியிருந்தால் மும்பையில் ரிசர்வ் வங்கி எடுக்கும் எந்த முடிவும் உங்கள் பட்டறை வாசலுக்கு வராது.