லாயர் அண்ணன்

சிலாங்கூரின் கம்போங் மேடானில் சாப்பாட்டுக் கடைக்கு ஒரு லாயர் அண்ணன் உண்டு. சட்டக் கல்லூரிப் பக்கம் மழைக்குக்கூட ஒதுங்கியிருக்க மாட்டார். ஆனால் கையில் ஜிப் வைத்த பிளாஸ்டிக் ஃபைல், சட்டைப் பையில் இரண்டு பேனா. அதில் ஒன்று எழுதாது. தே தாரிக்கின் நுரை அடங்குவதற்குள் தீர்ப்பு வந்துவிடும். ஃபீஸ் அந்தத் தே தாரிக்தான். வழக்கு சிக்கலானால் ரொட்டி சானாயும் சேரும்.

ஃபைலுக்குள் யாருடையதோ போலிஸ் ரிப்போர்ட் நகல், பழைய தேர்தல் நோட்டீஸ், மங்கிப்போன ஒரு டி.ஓ.எல்., அதாவது தற்காலிக நிலப் பயன்பாட்டு லைசன்ஸ். சட்டப் புத்தகம் மட்டும் இல்லை. "அதெல்லாம் இங்க இருக்கு லா" என்று நெற்றியைத் தட்டுவார்.

அங்கே இருப்பதில் பாதி சென்னைச் சரக்கு. முன்பு சினிமா, இப்போது யூடியூப் வக்கீல்கள். சில சமயம் அதுவும் பலித்துவிடும். மோசடிக்கு 420 என்பார். மலேசியாவிலும் 420தான், 1860-இல் இந்தியாவுக்கு இயற்றிய தண்டனைச் சட்டத்தின் வழியில் வந்ததல்லவா! இந்தியாவே 2024 ஜூலையில் அதைக் கைகழுவி 318-க்குப் போய்விட்டது, அண்ணன் அசையவில்லை. அந்தத் தெம்பில் ஊர்வலத்துக்கு 144 என்பார். இங்கே அதற்கு 2012-இன் அமைதிப் பேரணிச் சட்டம்.

வினை நிலத்தில்தான் வரும்.

"அண்ணே, அப்பா காலத்துல இருந்து அந்த இடத்துலதான் ஸ்டால். இப்ப நோட்டீஸ் ஒட்டிட்டுப் போயிருக்கான்."

"எத்தனை வருஷம்?"

"இருபது இருக்கும்ணே."

"பன்னெண்டு தாண்டுச்சா? முடிஞ்சது. இடம் உன்னோடது. எவனும் கை வைக்க முடியாது."

இந்தப் பன்னிரண்டும் இந்தியாவிலிருந்து கப்பலேறி வந்ததுதான். 1965-இன் தேசிய நிலச் சட்டத்தில் 48-ஆம் பிரிவு நேர்மாறாகச் சொல்கிறது: அரசு நிலத்தில் எத்தனை காலம் இருந்தாலும், லைசன்ஸ் வாங்கியே இருந்தாலும், உரிமை பிறக்காது. தனியார் நிலமானாலும் 341-ஆம் பிரிவு வழியை மறிக்கும். அண்ணன் பொக்கிஷமாகக் காக்கும் டி.ஓ.எல். அந்தந்த வருஷம் டிசம்பர் 31-ஐத் தாண்டாது.

அவரை முழுதாகக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. கூட்டரசுச் சட்டத்தைப் போனில் இலவசமாகப் பார்க்கலாம். நிலமோ மாநில விவகாரம். அடிப்படைச் சட்டம் நாடாளுமன்றத்தில், கட்டணமும் பாரமும் சொல்லும் விதிகள் சிலாங்கூர் அரசிதழில், ஸ்டால் லைசன்ஸ் மாநகர் மன்றத்தின் துணைவிதியில். எல்லாம் அரசாங்க நடையில். ஒன்றைத் திருத்திய தாள் இன்னோர் இடத்தில். சட்ட உதவித் துறை இருக்கிறது, வழக்கறிஞர் மன்றத்தின் உதவி மையமும் இருக்கிறது. ஆனால் ராத்திரி ஒன்பது மணிக்கு நோட்டீசும் கையுமாக வருகிறவனுக்குத் திறந்திருப்பது அண்ணன் ஒருவர்தான்.

அன்று ஸ்டால்காரரோடு காலேஜில் படிக்கும் மகளும் வந்திருந்தாள். போனைத் தடவி, 48-ஆம் பிரிவை மலாயில் கணீரென்று வாசித்தாள். பக்கத்து மேசையில் கரண்டிச் சத்தம் நின்றது.

"அது பழசும்மா. மாத்திட்டாங்க."

"எப்ப அங்கிள்?"

"போன பார்லிமென்ட்ல."

"எந்த மாசம் அங்கிள்?"

அண்ணன் தே தாரிக்கை ஊதினார். அது ஆறி வெகுநேரம் ஆகியிருந்தது. ஸ்டால்காரர் நோட்டீசை மடித்துக்கொண்டு, காலையில் நில அலுவலகத்துக்குப் போவது பற்றி மகளிடம் பேச ஆரம்பித்தார்.

அடுத்த வாரம் ஒரு பையன் பார்க்கிங் சம்மனோடு வந்தான். அண்ணன் கண்ணாடியை மாட்டி, இரண்டு பக்கமும் புரட்டிப் பார்த்தார்.

"கவுண்டர்ல போயி செக்‌ஷன் 48-னு மட்டும் சொல்லு. ஆடிப் போயிடுவான்."

"அது எதுக்குண்ணே?"

"எதுக்கும் ஆகும். ரொட்டி ரெண்டு சொல்லு."