சிம்பொனியும் சத்தமில்லாத முடிவும்

கேள்வி: முழக்கமில்லாமல் முடியும் சிம்பொனியை ரசிகர்கள் ஏற்பார்களா? (வாசகர், அவிநாசி)

பதில்: பல்லியக் குழு வாசிக்கும், பெரும்பாலும் நான்கு பகுதிகள் கொண்ட நெடும்படைப்பான சிம்பொனி முழக்கத்தோடு முடிவதே மரபாயிருக்க, 1893-இல் இசையமைப்பாளர் சைகோவ்ஸ்கி தம் ஆறாவது சிம்பொனியின் முழக்கத்தை மூன்றாம் பகுதியிலேயே தீர்த்துவிட்டு, முடிவைச் செல்லோக்களும் டபுள் பாஸ்களும் முனகி ஓய்வதாக அமைத்தார்; முதலில் குழம்பிய பீட்டர்ஸ்பர்க் ரசிகர்கள், ஒன்பதே நாளில் அவர் மறைந்தபின் அதையே உருகிக் கேட்டனர். மூன்றாம் பகுதியிலேயே கைதட்டிவிடுவோர் இன்றும் உண்டு. 1772-இல் ஹைடனோ, கலைஞர்களை ஊருக்கு விடாத எஸ்தர்ஹாசி இளவரசர் முன், அவர்கள் மெழுகுவர்த்தியை அணைத்துவிட்டு ஒவ்வொருவராய் வெளியேற, தம் சிம்பொனியொன்றை இரண்டே வயலின்களோடு முடித்தார். குறிப்பறிந்த இளவரசர் மறுநாளே அவர்களோடு ஊருக்குப் புறப்பட்டாராம். தீபாவளிக்கு முந்தைய மாலை டெய்லர்கள் ஒவ்வொருவராய் மெஷினை நிறுத்தும் திருப்பூர் பனியன் கம்பெனிகளில் இதற்கு உரை தேவையில்லை. போனஸ் வந்ததா என்பது மட்டுமே ஐயம்.