உலக முடிவுக்குப் பிரட்டு

அட்டன் முதல் நுவரெலியா வரை எந்தத் தோட்டத்தை எடுத்துக்கொண்டாலும், கவ்வாத்துக்கும் கொழுந்துக்கும் ஆள் கணக்கு எழுதி ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை ஒருவர் அங்கே இருப்பார். உத்தியோகம் அவரை விட்டுப் போயிருக்குமேயன்றி, அவர் உத்தியோகத்தை விட்டிருக்கமாட்டார். பேர் போடவும், நேரம் தவறியவரை அதட்டவும் பழகிப்போன அந்தக் கைக்கும் கண்டத்துக்கும் ஏதேனும் காரியம் வேண்டியிருப்பதால், வருஷந்தோறும் தைப்பொங்கல் கழிந்த கையோடு அவர் ஹோட்டன் சமவெளிக்கு ஒரு யாத்திரைக்குத் திட்டமிடுகிறார்.

முதலில் கோயில் வாசலில் சபை கூடும். ஹோட்டன் என்பவர் நம் தோட்டத்துத் துரைமாரைப் போன்ற ஒரு துரை அல்லர், 1831 முதல் 1837 வரை இலங்கையை ஆண்ட தேசாதிபதி என்பதையும், 1969இல் சரணாலயமாகி 1988இல் தேசியப் பூங்காவாக உயர்த்தப்பட்ட அந்த 3,160 ஹெக்டேயர் மேட்டுநிலத்தில்தான் மகாவலிக்கும் களனிக்கும் வளவைக்கும் ஊற்றுக்கண் இருக்கிறது என்பதையும் அவர் பிரசங்கித்து முடிப்பதற்குள், சபையில் பாதிப்பேர் உறங்கிவிடுவார்கள். விழித்திருப்பவர்கள் வேன் கூலி எவ்வளவென்று கேட்பார்கள். “கூலி அப்புறம். மொதல்ல ஆறு எங்க பொறக்குதுன்னு தெரிஞ்சுக்க” என்பது அவருடைய மறுமொழி.

அடுத்ததுதான் பிரதான விஷயம், புறப்படும் நேரம். அந்தச் சமவெளியின் விளிம்பில் உலக முடிவு என்னும் செங்குத்துப் பாறை 800 மீற்றருக்கும் மேல் கீழே இறங்குகிறது; ஆகாயம் தெளிந்திருந்தால் தெற்குக் கடல்கூடத் தெரியும்; ஆனால் காலை ஒன்பது, பத்து மணிக்கெல்லாம் மூடுபனி ஏறி வந்து சகலத்தையும் மறைத்துவிடும். ஆகவே ஒன்பதிலிருந்து பின்னோக்கி எண்ணத் தொடங்குவார்: ஆறு மணிக்குப் பூங்கா வாசலில் நிற்க வேண்டுமானால் மூன்றுக்கு வேன் நகர வேண்டும், இரண்டுக்குப் பேர் போட ஆள் கூடும் பிரட்டு, ஒன்றுக்கு ரொட்டி சுட வேண்டும். இப்படியே போனால் முதல்நாள் சாயங்காலமே கிளம்பவேண்டியதுதான் என்று மருமகன் பரிகாசமாகச் சொன்னதை, அவர் பரிகாசமென்றே கருதாமல் நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொண்டார். அட்டனில் ரயிலேறி, 1,891 மீற்றர் உயரத்தில், இந்நாட்டு நிலையங்களிலெல்லாம் உச்சியில் இருக்கும் பட்டிப்பொலவில் இறங்கலாமே என்று ஒருவர் பிரேரித்தபோது, “ரயிலு வர்றப்ப பனியும் கூடவே வந்து எறங்கும்” என்று ஒரே வாக்கியத்தில் தள்ளுபடி செய்தார்.

அவருடைய சம்சாரம் மட்டும் இந்த யாத்திரையில் சேருவதில்லை. அந்தப் பாறையின் அடிவாரத்தில் தெரிவதும் ஒரு தேயிலைத் தோட்டமே என்பதை யாரோ அந்த அம்மாளிடம் சொல்லிவிட்டார்கள். “தேயிலையப் பாக்க ரெண்டு மணிக்கு எந்திரிக்கணுமா? வாசல்ல நின்னா தெரியுது.” இந்த வாதத்துக்கு இன்றுவரை அவரிடம் பதில் இல்லை, எனக்கும் தோன்றவில்லை.

குறித்த நாள் இரண்டு மணிக்கு, டோர்ச் வெளிச்சத்தில், பழைய செக்ரோல் போலக் கோடு போட்ட நோட்டை விரித்துக்கொண்டு அவர் நிற்கும் தோரணையைக் கண்டுதான் அனுபவிக்க வேண்டும். பரம்பரை பரம்பரையாகப் பிரட்டுத் தப்புச் சத்தத்துக்கு இருட்டில் எழுந்து, அதைச் சபித்துக்கொண்டே மலைக்குப் போன ஜனங்கள், விடுமுறை நாளில் கைக்காசும் கொடுத்து அதே பிரட்டில் வந்து நிற்கிறார்களே என்பது எனக்கு ஓயாத ஆச்சரியம். தாமதித்து வருபவருக்கு, “ஒனக்கு அரைப்பேர்தான்” என்ற தீர்ப்பு. குழந்தையின் கம்பளிச் சட்டையை மறந்துவிட்டு ஓடிய மைத்துனிக்காகவும், தலவாக்கலையில் பிளேன் டீக்காகவும், நுவரெலியாவில் அவரே வெற்றிலை வாங்குவதற்காகவும் நேரம் கரைகிறது.

வாசலில் அதிகாரிகள் பைகளைத் திறந்து பொலித்தீனைத் தேடுவார்கள். லஞ்ச் சீட்டில் ரொட்டி சுற்றலாகாது என்று ஒரு மாதமாக ஆக்ஞை பிறப்பித்து, பெண்கள் எல்லாரையும் பழந்துணியில் முடியவைத்தவர் அவர்தான். அன்று பிடிபட்ட ஒரே பொலித்தீன், அவருடைய வெற்றிலை சுற்றியிருந்தது. பிறகு பாதையோரத்து மரை ஒன்றைப் பார்த்த பிள்ளைகள் நகர மறுக்க, பாறையின் விளிம்பை அடைந்தபோது மணி பத்தைத் தாண்டிவிட்டது. எதிரே வெள்ளை, கீழேயும் வெள்ளை. அவர் சற்றும் தளராமல் விரலை நீட்டி, “அந்தா, அதுதான் தோட்டம். அதுக்கு அங்கிட்டுக் கடல்” என்று விஸ்தாரமாக வர்ணிக்கலானார். “எங்க தாத்தா?” என்றது ஒரு குழந்தை. “நான் காட்டுற பக்கம் பாரு” என்றார்.

திரும்பும் வழியில் வேன்காரப் பையன் பணிவாக ஒரு யோசனை சொன்னான்: “ஐயா, பூங்காவுக்குள்ளயே தங்குறதுக்கு பங்களா இருக்கு. முந்தின நாளே வந்து படுத்துக்கிட்டா, பனிக்கு முன்னாடி நடந்தே போயி பாத்திரலாமே?”

கணக்கப்பிள்ளை ஐயா அவனை இரக்கத்தோடு பார்த்தார்.

“அங்கயே படுத்துக்கிட்டா, அப்புறம் பிரட்டு எதுக்கு தம்பி?”