இண்டூரில் கேட்ட அருவி

சென்னையிலிருந்து வந்த சித்தியை ஒகேனக்கல்லுக்குக் கூட்டிப் போய்க்கொண்டிருந்தேன். இண்டூர் தாண்டி வண்டி அறுபதைத் தொட்டதும், சித்தி கண்ணை மூடிக்கொண்டு பரவசமாகச் சொன்னார்: "அருவிச் சத்தம் இங்கயே கேக்குதுடா!"

அருவிக்கு முன்னால் பென்னாகரம் வர வேண்டும். அப்புறம் காட்டுக்குள் மலை இறங்க வேண்டும். கேட்டது என் காரின் முன்சக்கர பேரிங்.

"ஆமா சித்தி, கர்நாடகால தொறந்து விட்டிருக்காங்க" என்றேன்.

மலைப்பாதையில் சிக்கல் வந்தது. வலப்பக்கம் வளையும்போது அருவி 'ஊம்ம்ம்' என்று பொங்கியது. இடப்பக்கம் வளைந்தால் வற்றியது. "இந்தப் பக்கம் திரும்பினா நின்னுடுதே?" என்றார் சித்தி. "மலை மறைக்குது சித்தி" என்றேன். ரிட்டயர் ஆன தமிழாசிரியனுக்குக் கற்பனைக்கா பஞ்சம்?

என்னுடையது மாருதி 800. அந்த மாடலின் தயாரிப்பை 2014 ஜனவரியோடு நிறுத்திவிட்டார்கள், நான்தான் நிறுத்தவில்லை. வண்டியைக் குறை சொல்ல மாட்டேன். மழைக்காலத்தில் முழங்கால் தண்ணீரில் அதை இறக்கியவன் நான். மாங்காய் சீசனில் காரிமங்கலத்திலிருந்து மூட்டை ஏற்றி, பின்னால் இடம் போதாமல் பக்கத்து சீட்டிலும் ஒன்றை உட்கார வைத்து பெல்ட் போட்டுவிட்டவனும் நானே. மயில்பீலியே ஆனாலும் அளவு மீறி ஏற்றினால் அச்சு முறியும் என்று வள்ளுவர் எச்சரித்திருக்கிறார். நான் ஏற்றியது பெங்களூரா மாங்காய்.

சத்தம் தொடங்கி நான்கு மாதம் ஆகியிருந்தது. முதலில் ரேடியோவைக் கூட்டி வைத்தேன். ஒரு மாதம் குணமாக இருந்தது. பிறகு மைத்துனர் டயர்தான் என்று அடித்துச் சொன்னார். இரண்டு புது டயர் மாட்டினேன். சத்தம் புது டயரோடு புதுத் தெம்பாகக் கிளம்பியது. டயர் சத்தம் என்றால் ரோட்டுக்கு ரோடு மாறும், பழைய தாருக்கு ஒன்று, புதுத் தாருக்கு ஒன்று. பேரிங் ரோட்டைப் பார்க்காது, வேகத்தை மட்டும்தான் பார்க்கும். இதெல்லாம் டயருக்குப் பணம் கொடுத்த பிறகு கற்றது.

சித்தியை ஊருக்கு அனுப்பிவிட்டு, நாலு ரோடு பக்கம் என் பழைய மாணவன் வைத்திருக்கும் பட்டறைக்குப் போனேன். கடைசி பெஞ்சில் தூங்கினவன். ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தான். போகிற போக்கில் நியூட்ரலில் தள்ளினான், சத்தம் குறையவில்லை. "இன்ஜின் இல்லைங்கய்யா." வலது பக்கம் வளைத்தான்; கூடியது. "வலது பக்கம் வளைஞ்சா பாரம் இடது சக்கரத்துல சாயும். இடதுதான் போயிருக்கு."

ஜாக்கி போட்டு, சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டினான். ஆடும் பல் மாதிரி 'டக் டக்'. சக்கரத்தைச் சுற்றிவிட்டு, என் கையை எடுத்து சஸ்பென்ஷன் ஸ்பிரிங் மேல் வைத்தான். உள்ளே யாரோ மணலை அரைப்பதுபோல நறநறத்தது. வாத்தியார் கையைப் பிடித்து மாணவன் எழுத வைத்த முதல் எழுத்து அது.

"இப்படியே தொப்பூர் கணவாய் எறங்கியிருந்தா என்னங்கய்யா ஆவறது? முத்திப் போச்சுன்னா சக்கரமே கழண்டுக்கும்."

நான் வாயைத் திறக்கவில்லை. அவனே தொடர்ந்தான்: "சேம அச்சு நடத்தினது நீங்கதானேங்கய்யா?"

தூங்கிக்கொண்டேதான் கேட்டிருக்கிறான். அதியமானின் தகடூரான இந்தத் தருமபுரியின் பிள்ளைகள் தெரிந்துகொள்ளட்டும் என்று, பாடத்தில் இல்லாவிட்டாலும் அந்தப் புறநானூற்றுப் பாட்டைச் சொல்வேன். அதியமான் மகன் பொகுட்டெழினியை ஔவையார் புகழ்வது எதைச் சொல்லி? உப்பு வணிகர் வண்டிக்கு அடியில் கட்டிப்போகும் மாற்று அச்சைச் சொல்லி. பாரம் பெரிது, மாடு இளசு, மேடு பள்ளத்தில் என்ன நடக்குமோ என்று அவர்கள் அச்சு கட்டிப் போனார்கள். அதே தகடூரில் நான் ரேடியோவைக் கூட்டிப் போனேன்.

"அப்போ ஒரு பேரிங் வாங்கி டிக்கியில போட்டு வச்சுக்கட்டுமா?"

"அதை நடுரோட்டுல மாட்ட முடியாதுங்கய்யா. பிரஸ் வேணும்."

உண்மைதான். ஹப் நட்டைத் தளர்த்தி, நக்கிளைத் தனியாகக் கழற்றி, லேத்துப் பட்டறைக்குத் தூக்கிப் போனார்கள். பழசு வெளியே வந்தாலும் அதன் உள்வளையம் ஹப்போடு ஒட்டிக்கொண்டு புல்லருக்கும் அரை மணி நேரம் மசியவில்லை. புதியதை ஏற்றும்போது வெளிவளையத்தில் மட்டும்தான் அழுத்தம் விழ வேண்டுமாம். உள்வளையத்தில் அழுத்தினால் குண்டுகள் ஓடுபாதையில் தழும்பு போட்டுவிடும். புது பேரிங் பழைய பாட்டைப் பாடும். சீலும் புதிதுதான். பழைய சீல் வழியாகத்தானே என் மழைக்காலத் தண்ணீர் உள்ளே போயிருந்தது.

பழைய பேரிங்கை ஞாபகார்த்தமாகக் கேட்டு வாங்கிக்கொண்டேன். தெருவில் பேரிங் வண்டி செய்துகொண்டிருந்த பொடியன் ஒருவன் ஓடி வந்து, வாங்கி, விரலில் மாட்டிச் சுற்றி, காதருகே வைத்தான்.

"இது போயிடுச்சு தாத்தா. நல்லது இல்லையா?"

எனக்கு நான்கு மாதம் பிடித்தது.

அடுத்த லீவுக்கு சித்தி மறுபடியும் வந்தார். இண்டூர் தாண்டினோம். வண்டி அறுபதில் வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு போனது. சித்தி கண்ணை மூடிக் காத்திருந்து, ஏமாந்து, திறந்தார்.

"என்னடா, இந்தத் தடவை தண்ணியே இல்லையா?"

"கர்நாடகால மூடிட்டாங்க சித்தி" என்றேன்.